கழுத்து நரம்பை மாற்றிவைத்தால் வாதத்தில் விழுந்த கை எழுமா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மீன்பிடித் தொழிலில் இருந்த அவருடைய தந்தைக்கு இப்போது 54 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடப்பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் தேறி, கோல் ஊன்றி நடக்கிறார்; கை மட்டும் மடங்கியே கிடக்கிறது, பேச்சிலும் தடுமாற்றம் இருக்கிறது. சீனாவில் கழுத்து நரம்பை இடம் மாற்றிவைத்து வாதக் கையை அசைய வைக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அது உண்மையா, இங்கே செய்துகொள்ள முடியுமா, படகை விற்றாவது செய்துவிடலாமா என்பது அவர் கேள்வி. புதுச்சேரியில் பக்கவாத நோயாளிகளின் மறுவாழ்வுச் சிகிச்சையில் இருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

அந்த வீடியோவுக்கு அடிப்படையான ஆய்வு உண்மையானது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களின் நிலையும் உங்கள் தந்தையின் நிலையும் வேறு வேறு. அந்த வேறுபாடு விளங்கிவிட்டால் படகைப் பற்றிய முடிவை நீங்களே எடுத்துவிடுவீர்கள்; அதனால் ஆய்விலிருந்தே தொடங்குகிறேன்.

ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹுவாஷான் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஷூ வென்டாங் இந்த ஆய்வின் தலைவர். அவருடைய மூத்தவரான கு யுடாங் 1986-இலேயே இதற்கு அடித்தளம் போட்டவர். விபத்தில் தோளுக்கு மேலே நரம்புப் பின்னல் வேரோடு பிடுங்கப்பட்டு ஒரு கை செயலற்றுப் போனவர்களுக்கு, எதிர்ப்பக்கக் கழுத்திலிருந்து ஏழாவது நரம்பு வேரை எடுத்து இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்து இணைக்கலாம் என்று அவர் செய்துகாட்டினார். பைக்கிலிருந்து விழுந்து இப்படிப்பட்ட காயத்தோடு வரும் இளைஞர்களை நம் பக்கத்திலும் நிறையப் பார்க்கிறோம். நரம்புப் பின்னல் அறுவையில் தேர்ந்தவர்கள் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் இருக்கிறார்கள். அங்கே சிக்கல் கழுத்திலும் தோளிலும். மூளை நன்றாகவே இருக்கும். ஷூ வென்டாங் அதே அறுவையை, நரம்புகள் முழுமையாக இருந்தும் மூளை பழுதுபட்டதால் கை விழுந்தவர்களிடம் செய்து பார்த்தார். புதுமை அதில்தான் இருக்கிறது.

ஏழாவது வேரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கைக்குப் போகும் நரம்புப் பின்னலில் ஐந்து வேர்கள் சேர்கின்றன. மொத்த நரம்பு இழைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏழாவது வேரின் வழியாகப் போகிறது. முழங்கையை நீட்டுவது, மணிக்கட்டையும் விரல்களையும் விரிப்பது போன்ற வேலைகளில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தசைகளுக்கெல்லாம் பக்கத்து வேர்களிலிருந்தும் இழைகள் வருவதால், ஏழாவதை மட்டும் எடுத்துவிட்டால் நல்ல கை முடங்கிப் போவதில்லை. சில மாதங்களுக்கு விரல் நுனிகளில் மரத்த உணர்வும், கையை நீட்டுவதில் கொஞ்சம் பலக்குறைவும் இருக்கும். பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். எடுத்த வேரை முதுகெலும்புக்கு முன்னால், உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே கொண்டுபோய், வாதம் விழுந்த பக்கத்தின் ஏழாவது வேரை வெட்டி அதன் முனையோடு தைக்கிறார்கள்.

நம் உடலில் இடது மூளை வலது கையை ஆள்கிறது, வலது மூளை இடது கையை ஆள்கிறது. உங்கள் தந்தைக்குப் பழுதானது இடது மூளை. இடது கழுத்து நரம்பை வலது கைக்குத் திருப்பினால், பழுதில்லாத வலது மூளைக்கு வலது கையோடு நேரடியான ஒரு பாதை கிடைக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோன தெருவுக்குப் பக்கத்துத் தெரு ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு லைன் இழுப்பது போன்ற ஏற்பாடு இது. லைன் இழுத்த அன்றே கை வேலை செய்யாது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து கழுத்திலிருந்து முன்கை வரை இறங்க வேண்டும். அதற்கே பல மாதங்கள் ஆகும். அதன் பிறகும், இதுவரை ஒரு கையை மட்டும் ஆண்டுவந்த மூளை இரண்டு கைகளையும் தனித்தனியாக அசைக்கப் பழக வேண்டும். இந்த வகை அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் நல்ல கையை அசைத்தால்தான் மற்றக் கையும் கூடவே அசையும். அந்தப் பிணைப்பை அவிழ்ப்பது முழுக்கப் பயிற்சியின் வேலை.

ஆய்வின் முடிவு 2018 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. மொத்தம் 36 பேர். 18 பேருக்கு அறுவையும் பயிற்சியும், 18 பேருக்குப் பயிற்சி மட்டும். அளவுகோலாக ஃபூகல்-மேயர் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றின் அசைவுகளை 33 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போட்டுக் கூட்டினால் முழு மதிப்பெண் 66. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சராசரியாக 17.7 புள்ளிகள் ஏறியிருந்தன. பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு 2.6. இந்தத் துறையில் நாங்கள் ஐந்தாறு புள்ளிகள் ஏறினாலே நோயாளியின் அன்றாட வாழ்வில் தெரியும்படியான மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம், ஆகவே 17.7 என்பது பெரிய எண். சட்டை போடுவது, ஷூ கயிறு கட்டுவது, துண்டைப் பிழிவது, கைபேசியை இயக்குவது ஆகிய வேலைகளில் மூன்றையாவது 18 பேரில் 16 பேர் செய்தார்கள். மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் கொடுத்துப் பார்த்தபோது, நல்ல பக்க மூளைக்கும் வாதக் கைக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டிருப்பதும் தெரிந்தது.

வீடியோவில் வருவது இவ்வளவுதான். வராதவற்றை இனிச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த 36 பேரும் கை விழுந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள். பயிற்சியால் இனி முன்னேற்றம் இல்லை என்று நின்றுபோனவர்கள். எல்லோருக்கும் காரணம் பக்கவாதம் அல்ல; தலைக்காயத்தால் கை விழுந்தவர்களும், பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் இருந்தார்கள். வயது வரம்பு 12 முதல் 45 வரை. நரம்பு வளர்வதிலும், மூளை புதுப் பாதைக்குப் பழகுவதிலும் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. 27 வயதுக்காரரின் முடிவை 54 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் அந்த இடைவெளி இன்னும் கூடும். உங்கள் தந்தை வயதாலும் சரி, நோய் வந்து கழிந்த காலத்தாலும் சரி, அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது, கொஞ்சம் நுட்பமானது. நான் அதிகம் யோசிப்பதும் இதைப் பற்றித்தான். வாதக் கை ஏன் மடங்குகிறது? தசையை நீட்டும்போதெல்லாம் அந்தச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், ‘சுருங்கு’ என்ற கட்டளையாகத் திரும்பி வருகிறது. மூளை நன்றாக இருந்தால் அதை அடக்கி வைக்கும். மூளை பழுதானால் அடக்க ஆளில்லை, கை இறுகிக்கொள்கிறது. வாதப் பக்கத்து ஏழாவது வேரை வெட்டியதுமே அந்தச் சுற்றில் ஒரு பகுதி அறுபட்டு, இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. புது நரம்பு வளர்ந்து வந்து சேர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். தளர்ச்சியோ உடனே தெரிகிறது. அப்படியானால் ஓர் ஆண்டில் ஏறிய 17.7 புள்ளிகளில் எத்தனை புதுப் பாதையால் வந்தன, எத்தனை வெட்டியதால் மட்டும் வந்தன? அந்த ஒரே ஆய்வை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பீட்டுக் குழுவுக்குப் பொய் அறுவை எதுவும் செய்யப்படவில்லை. தமக்கு அறுவை நடந்ததா இல்லையா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆய்வு நடந்ததும் ஒரே மருத்துவமனையில். ஷூ வென்டாங்கின் வேலையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டு கழிந்த பிறகும் மூளையிடம் கேட்டு வாங்க ஏதோ மிச்சமிருக்கிறது என்று அவர் காட்டியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் இறுக்கம் தளர்ந்ததே பலனில் ஒரு பெரும் பங்கு என்றால், அதே தளர்ச்சியை நல்ல கையின் நரம்பைத் தொடாமல் பெற வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதுதான் முறை. உங்கள் தந்தைக்கு இன்று சோறு பிசைவது, கோலைப் பிடிப்பது, லுங்கியை முடிவது எல்லாம் இடது கைதான். சில மாதங்கள் மரத்துப் போகும் என்று நான் மேலே சுலபமாகச் சொன்னது அந்த ஒரே நல்ல கைக்குத்தான்.

அதற்கு முன் அந்தக் கையை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மடங்கிய கை என்று பொதுவாகச் சொல்கிறோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கையும் வேறு. விரல்களை விரித்தால் உள்ளங்கை வெளுத்து ஊறி, ஒரு புளித்த வாடை அடிக்கிறதா? கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் சிக்கி, அதன் நகம் உள்ளங்கையில் குத்துகிறதா? மணிக்கட்டை மெல்ல, மிக மெல்ல நிமிர்த்தினால் இடம் கொடுத்து, வேகமாக நிமிர்த்தினால் வெடுக்கென்று பிடித்துக்கொள்கிறதா, இல்லை எப்படிச் செய்தாலும் ஒரே இடத்தில் கட்டையாக நிற்கிறதா? அயர்ந்து தூங்கும்போது விரல்கள் தாமாகத் தளர்கின்றனவா? மெல்லச் செய்தால் இடம் கொடுக்கிற கை, நரம்பு இறுக்கத்தால் மடங்கிய கை. கட்டையாக நிற்கும் கையில் தசையும் தசைநாணுமே குறுகிப்போயிருக்கின்றன. அதில் எந்த நரம்பைக் கொண்டுவந்து இணைத்தாலும் விரல் விரியாது, தசைநாணை நீட்டும் சிறிய அறுவை வேண்டியிருக்கலாம். இதைப் பரிசோதிக்கக் கால் மணி நேரமும் கைப்பழக்கமும் போதும், ஸ்கேன் தேவையில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. குறுந்தகட்டைக் கொண்டுவந்து நீட்டுபவர்களில் பலருடைய கையை அதுவரை யாரும் விரித்துப் பார்த்திருப்பதில்லை என்பதுதான் நடைமுறை.

இறுக்கம்தான் காரணம் என்றால் பொட்டுலினம் ஊசி இருக்கிறது. பொட்டாக்ஸ் என்ற பெயரில் அறிந்திருப்பீர்கள். குறிப்பிட்ட தசைகளில் போட்டால் ஏறத்தாழ மூன்று மாதம் தளர்த்தி வைக்கும். ஊசியால் கைக்குப் பலம் வராது. உள்ளங்கையைக் கழுவவும் நகம் வெட்டவும் சட்டைக் கையை நுழைக்கவும் முடியும், வலி குறையும். அந்த மூன்று மாதத்தில் பயிற்சியை நெருக்கிச் செய்தால் அடங்கிக் கிடந்த சின்ன அசைவு ஏதாவது வெளியே தெரியலாம். தெரிகிறதா என்பது முக்கியமான தகவல். மணிக்கட்டைச் சுமார் 10 டிகிரியும், கட்டைவிரலையும் இன்னும் இரண்டு விரல்களையும் கொஞ்சமும் தாமாக நிமிர்த்த முடிந்தால், நல்ல கையை உறையில் கட்டிவைத்து வாதக் கையை வேலை வாங்கும் பயிற்சிக்கு வழி திறக்கும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து பிறந்த முறை அது. 2006-இல் வெளிவந்த எக்சைட் என்ற ஆய்வில், வாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் அதைச் சோதித்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கை உறைக்குள். இரண்டு வாரம் கடும் பயிற்சி. வழக்கமான கவனிப்பைவிடக் கையின் செயல்பாடு கூடியது, ஓர் ஆண்டு கழித்தும் நிலைத்தது. கத்தி இல்லை, வெளிநாட்டுப் பயணம் இல்லை. ஆனால் நோயாளிக்கு அலுப்பும் கோபமும் வரும். வீட்டார் அதைத் தாங்க வேண்டும்.

கழுத்தில் செய்யும் இன்னொரு சிகிச்சையும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் மின்கம்பி சுற்றி, மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவியைப் பதித்து, கை ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் அரை விநாடி தூண்டல் கொடுப்பது அந்த முறை. 108 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஆறு வாரப் பயிற்சிக்குப் பின், அதே ஃபூகல்-மேயர் கணக்கில், தூண்டல் பெற்றவர்களுக்கு 5 புள்ளிகள், கருவி பொருத்தியும் உண்மையான தூண்டல் பெறாதவர்களுக்கு 2.4 புள்ளிகள் ஏறின. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஏற்றம் சிறியது, ஆனால் எல்லோருக்குமே கருவியைப் பதித்துவிட்டு ஒப்பிட்டதால், அந்தச் சிறிய எண்ணை நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஸ்டெம் செல் என்று யாராவது விலை சொன்னால் பணப்பையைத் திறக்காதீர்கள். நம் நாட்டிலேயே ஐந்து மையங்களில், எய்ம்ஸைச் சேர்ந்த காமேஷ்வர் பிரசாத் தலைமையில் 120 பக்கவாத நோயாளிகளிடம், அவரவர் எலும்பு மஜ்ஜைச் செல்களையே ரத்தக்குழாயில் ஏற்றிச் சோதித்தார்கள். 2014-இல் வந்த முடிவு: ஆபத்தில்லை, பலனும் இல்லை. பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லைப் பதிவு செய்யப்பட்ட ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலை. ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. உண்மையான ஆய்வா என்று அறிய, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம்.

‘ஆபரேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே எல்லாம் அடைபட்டுவிடுவதால் ஒரு தெளிவு. நோய் வந்த முதல் சில மணி நேரத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை உருவி எடுப்பது, மூளை வீங்கும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்துவைப்பது ஆகியவை வேறு. கடைசியாகச் சொன்னது உயிரைக் காப்பதற்கானது. 60 வயது வரை உள்ள 93 பேரின் விவரங்களைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட கணக்கில், இரண்டு நாளுக்குள் மண்டை திறக்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் பிழைத்தார்கள். செய்யாதவர்களில் 29 சதவீதம். கைக்காகச் செய்யும் அறுவை அல்ல அது. இவற்றில் எதுவும் இரண்டு ஆண்டு கழித்து உதவாது. ஆனால் இரண்டாம் முறை வாதம் வந்தால் உதவும்: கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு, தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை சுமார் 25 கிலோமீட்டர். எண்ணெய் தேய்ப்பதிலும் புறா ரத்தம் தேடுவதிலும் அந்த நேரம் கரைந்துபோகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கையை நான் மேலே சொன்னபடி பரிசோதிக்க, மறுவாழ்வு மருத்துவத் துறை உள்ள ஓரிடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஜிப்மரில் அந்தத் துறை இருக்கிறது. தொடர்பயிற்சிக்கு, நீங்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு வாங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். எல்லை தாண்டிப் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்பது இந்தப் பகுதியில் பலரைக் குழப்பும் விஷயம். வீட்டார் செய்யும் பயிற்சியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த அட்டெண்ட் என்ற ஆய்வு, 2017-இல் இதைத்தான் காட்டியது: குடும்பத்தாருக்குச் சில மணி நேரம் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதால், ஆறு மாதம் கழித்து நோயாளிகளின் நிலையில் வேறுபாடு ஏற்படவில்லை. குடும்பத்தின் உழைப்பு வீண் என்று அதற்குப் பொருள் இல்லை. பயிற்சி தெரிந்தவர் அடிக்கடி வந்து பார்த்துத் திருத்தாமல் அது பலன் தருவதில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தந்தைக்கு எதைப் பயிற்சியாகக் கொடுப்பது என்று யோசிக்கவும் வேண்டாம். வலை இருக்கிறதே. வலது முன்கையை மேசைமேல் வைத்து, கிழிந்த வலையின் ஓரத்தை அதன் அடியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இடது கையால் ஊசியை ஓட்டி முடிச்சுப் போடட்டும். விரல் ஒன்றும் அசையாவிட்டாலும் தோளும் முழங்கையும் வேலை செய்யும், வலது கை ஒரு வேலையில் பங்குள்ள கையாகிவிடும். அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு இறங்கிவிட்டால் வரும் வலி எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிடும்.

பேச்சைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அதே ஷூ வென்டாங் குழுவினர் 2025-இல் ‘பி.எம்.ஜே.’ இதழில் வேறொரு முடிவை வெளியிட்டார்கள். இடது மூளைப் பக்கவாதத்தால் பேச்சு இழந்து நாளாகியும் தேறாத 50 பேரில் ஒரு பாதியினருக்கு, வலது கழுத்தின் ஏழாவது நரம்பை வெட்டி, கூடவே தீவிரப் பேச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். மறு பாதியினருக்குப் பயிற்சி மட்டும். படத்தைப் பார்த்துப் பொருளின் பெயர் சொல்லும் திறன் முதல் குழுவில் கூடுதலாக ஏறியது. இதில் நல்ல கையின் நரம்பைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற நாடுகளிலும் மருத்துவமனைகளிலும் இதே முடிவு திரும்ப வர வேண்டும். அதுவரை இதற்காகக் கத்தி வைக்க யாரையும் நான் அனுப்ப மாட்டேன். ஆனால் இரண்டு குழுவுக்கும் பொதுவாகக் கொடுத்த தீவிரப் பேச்சுப் பயிற்சி உங்கள் தந்தைக்கு இதுவரை கிடைத்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். கைக்காகப் போகும்போதே பேச்சுப் பயிற்சியாளரிடமும் ஒரு நாள் குறித்து வாங்கிவிடுங்கள்.

படகை விற்க வேண்டாம். இப்போதைக்கு உங்களுக்கு ஆகும் செலவு ஊசி, பயிற்சி, போக்குவரத்து, தினமும் தவறாமல் போட வேண்டிய ரத்தக் கொதிப்பு மாத்திரை ஆகியவைதான். ஐந்து ஆண்டு கடந்தும் கையில் இறுக்கம் மட்டுமே மிஞ்சி நின்று, தசைநாண் குறுகாமல் இருந்தால், அந்த நரம்பு மாற்று அறுவையைப் பற்றி அப்போது மறுபடியும் கேளுங்கள்; அதற்குள் 45 வயதைக் கடந்தவர்களிடம் அது என்ன செய்கிறது என்பதற்கும் கூடுதல் சான்றுகள் வந்திருக்கும்.